கோல்கீப்பர் ஏன் முதலில் உடலைச் சூடேற்ற வேண்டும்?

ஹாக்கியில் பெனால்டி கார்னரின்போது மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இழுத்து வீசப்படும் பந்து, வட்டத்தின் விளிம்பிலிருந்து கோலை எட்ட ஏறக்குறைய அரை வினாடிதான் ஆகும். கண் கண்டு, மூளை முடிவெடுத்து, உடல் அசையத் தொடங்கவே அதில் 0.2 வினாடி போய்விடும். மிச்சமிருக்கும் நேரத்தில் 3.66 மீட்டர் அகலக் கோலைக் காக்க வேண்டும். தசையின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே அதன் பாய்ச்சல் திறன் சில சதவீதம் கூடுகிறது. நரம்புச் சைகையும் விரைகிறது. இந்த விளையாட்டில் அந்தச் சில சதவீதம் சின்ன விஷயமல்ல.

நின்றுகொண்டிருப்பவருக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்கலாம். அவருக்குத்தான் கூடுதல் தேவை. மற்றவர்கள் ஆட்டத்தின் போக்கிலேயே சூடாகிவிடுவார்கள். இவருக்கோ முதல் வேலையே முழுவேகப் பாய்ச்சலாக வரலாம். கவசத்துக்குள் வியர்க்கிறதே என்றால், வேலை செய்யாத தொடைத் தசை வியர்வையால் ஆயத்தமாகிவிடாது. சரி, காலை அகட்டி நெடுநேரம் நீட்டிப் பிடித்தால்? ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்த தசை சற்று நேரம் விசை குறைந்தே இயங்கும். ஆகவே மெல்லோட்டம், கால்வீச்சு, பக்கவாட்டு நகர்வு. பிறகு கவசம் அணிந்து மெதுவான பந்துகள், கடைசியில் வேகமானவை. சும்மா நின்றால் கால்மணி நேரத்தில் பெருமளவு சூடு தணிந்துவிடும் என்பதால், தொடக்க விசில்வரை கால்கள் அசைந்தபடி இருக்கட்டும். எடுத்த எடுப்பிலேயே கீப்பரை நிறுத்தி எல்லோரும் பலமாக அடிப்பது, அடிப்பவர்களுக்கு மட்டுமே பயிற்சி.