காஸ் கசிந்தால் என்ன செய்வது, யாரிடம் கேட்பது?

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையின் பல பகுதிகளில் வீட்டு காஸ் அடுப்புகள் வெடித்தன, உயிர்களும் போயின. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நியமித்த, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையிலான குழு, சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவை மாற்றப்பட்டதே பிரதான காரணம் என்றது. கலவையில் புரொப்பேன் கூடினால் அழுத்தமும் கூடும். தளர்ந்த இணைப்பும் நைந்த குழாயும் அதைத் தாங்காது. ஆகவே விபத்து நடந்தால் சமைத்தவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல.

குசினியில் கவனிக்க வேண்டியவை

எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை உணர்த்தவே மெர்கப்டன் என்ற நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். எரிவாயு காற்றைவிடப் பாரமானதால் தரையோடு தங்கும். மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, எல்கடுவை தோட்டங்களில் குளிருக்காகக் கதவு, ஜன்னலை அடைத்து வைக்கும் லயக் காம்பராக்களில் ஆபத்து இன்னும் அதிகம்.

புது சிலிண்டர் பூட்டியதும் ரெகுலேட்டர், குழாய் இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் கசிவு இருக்கிறது. நெருப்புக்குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. முற்றத்தில் பாவிக்கும் காஸ் கிரில்லை மூடியைத் திறந்தே பற்றவையுங்கள். மழை என்று அதை வீட்டுக்குள் மூட்டினால் கார்பன் மொனொக்சைட் நச்சு உயிரைக் குடிக்கும்.

நாற்றம் வந்தால் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். லயம் முழுதும் ஒரே கூரை. பக்கத்துக் காம்பராக்காரர்களையும் எழுப்புங்கள். தீயணைப்புக்கு 110, அம்பியுலன்ஸுக்கு 1990. தீக்காயத்தில் பற்பசை பூசாமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள்.

உங்கள் உரிமை

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய் எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பொருள் தரமற்றது என்றால், வாங்கிய மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். விசாரித்து நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. உடனடித் தகவலுக்கு 1977ஐ அழைக்கலாம். ஆனால் எழுத்து முறைப்பாட்டைக் கைவிடாதீர்கள்.

வெடித்த குழாய், ரெகுலேட்டரை வீசிவிடாமல் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அவையே சாட்சி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதுங்கள். தமிழ் அரச கரும மொழி. மாத்தளையிலும் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பயந்து பேசாமல் இருந்தால் அதே தரமற்ற பொருள் நாளை அடுத்த வீட்டுக்கும் போகும். ஆகவே தயங்காமல் முறையிடுங்கள்.