மையமற்ற வெளியில் சிறுகுழுக்கள்: சில குறிப்புகள்

1

2023ஆம் வருடத் தொடக்கத்தில் ஒரு காலை, நான் புழங்கிக்கொண்டிருந்த மாஸ்டடான் சர்வரின் நிர்வாகியிடமிருந்து நாலு வரியில் ஓர் அறிவிப்பு வந்தது. இனி தன்னால் முடியவில்லை, மூன்று மாதத்தில் மூடப்போகிறேன், எல்லோரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அறுபது பேர் கொண்ட குழு அது. மொழிபெயர்ப்பில் ஈடுபாடுள்ளவர்கள், ஆளுக்கொரு தேசம், ஆளுக்கொரு மொழி. ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று நாள் மல்லுக்கட்டிய விவாதங்கள் அங்கே நடந்திருக்கின்றன. நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "இதுக்குப் போய் ஏன்யா இவ்வளவு வருத்தப்படுறே? ஒரு குரூப் போனா இன்னொரு குரூப்" என்றார். நானும் முதலில் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். பிறகுதான் உறைத்தது. பெருநிறுவனத்தின் பிடியிலிருந்து வெளியேறிவிட்டதாகப் பேசிக்கொண்டிருந்த நாங்கள் அறுபது பேரும் இரண்டு வருடங்களாக ஒரு தனிமனிதரின் முதுகில் உட்கார்ந்திருந்திருக்கிறோம். வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

மையத்தைக் கலைத்துவிட்டால் அதிகாரமும் கலைந்துவிடும் என்பது நம்மில் பலருக்கும் உவப்பான நம்பிக்கை. கோட்பாட்டு விவாதங்களில் 'மையம்', 'விளிம்பு' என்று நாம் சரளமாகப் புழங்குகிற சொற்களை, நடைமுறையில் இயங்குகிற ஒரு தொழில்நுட்ப அமைப்பின்மீது வைத்துப் பார்க்கும்போது என்ன ஆகிறது? அந்தக் கேள்வியை ஒட்டியே இக்குறிப்புகள்.

2

இந்த வெளியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஃபேஸ்புக் என்பது ஒரே நிறுவனத்தின் கட்டடம். நாம் அதில் குடியிருப்பவர்கள். மாஸ்டடான் அப்படியல்ல. ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ 2016இல் வெளியிட்ட இந்த மென்பொருளை யாரும் எடுத்துத் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஒரு சர்வரில் இருப்பவர், மின்னஞ்சலில் நடப்பதுபோல, வேறொரு சர்வரில் இருப்பவருடன் உரையாடலாம். சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழியான ஆக்டிவிட்டிபப், 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. இப்படி இணைந்த சர்வர்களின் கூட்டத்துக்கு 'ஃபெடிவெர்ஸ்' என்று பெயர்.

நான் ஒன்றை எழுதினால் அது என் சர்வரில் பதிவாகிறது. என்னைப் பின்தொடர்பவர்கள் இருக்கிற ஒவ்வொரு சர்வருக்கும் அதன் நகல் போகிறது. அதேபோல, நாங்கள் அறுபது பேரும் பின்தொடர்கிற ஆயிரக்கணக்கானவர்களின் எழுத்தும் படங்களும் எங்கள் சின்ன சர்வருக்கு வந்து குவிகின்றன. இந்தக் குவியலை யாரோ அவ்வப்போது அள்ளிக் கொட்ட வேண்டும். காப்புநகல் எடுக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கொண்டால் எழுந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினம், புகார்களைப் படிப்பது. வசைகளையும் அதைவிட மோசமானவற்றையும் நாம் பார்க்காமலிருக்கிறோம் என்றால், நமக்காக வேறொருவர் அவற்றைப் பார்த்துத் தொலைக்கிறார் என்று அர்த்தம். பெருநிறுவனங்களில் இந்த உழைப்பு கூலிக்கு வாங்கப்பட்டு மறைக்கப்படுகிறது. சிறுகுழுக்களில் அது அன்பின் பெயரால் மறைக்கப்படுகிறது. மறைக்கப்படுவது என்னவோ ஒன்றுதான்.

2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியதும் பெரும் இடப்பெயர்வு நடந்தது. அந்த அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையில் மாஸ்டடானின் மாதாந்திரப் பயனர்கள் சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமானார்கள். பின்னர் அதில் பாதிக்கும் மேல் கழன்றுகொண்டார்கள். வந்தவர்களும் போனவர்களும் செய்தியானார்கள். இடையில் நின்று கதவைத் திறந்துவிட்டவர்கள் செய்தியாகவில்லை. மாஸ்டடான்.லால் என்கிற சர்வரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஒரு விளையாட்டு மென்பொருளைப் பற்றிய சச்சரவில் வசைகள் நிர்வாகிமேல் திரும்பவே, 2023 பிப்ரவரியில் அவர் மூடப்போவதாக அறிவித்தார். எங்கள் அறுபது பேருக்கும் அந்தப் பத்தாயிரம் பேருக்கும் எண்ணிக்கையில்தான் வித்தியாசம், கட்டமைப்பு ஒன்றே. பெரிய ராஜ்யத்தை உடைத்து ஆயிரம் சிற்றரசுகளாக்கியிருக்கிறோம். சிற்றரசர்கள் நல்லவர்கள், களைத்துப்போனவர்கள் என்பது வேறு விஷயம்.

3

'பிடிக்கலைன்னா வேற சர்வருக்குப் போய்க்கலாமே' என்பது இங்கே எப்போதும் கிடைக்கிற பதில். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஒரு நிறுவனம் சீரழியும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது, அல்லது உள்ளிருந்து குரலெழுப்புவது. வெளியேறுவது சுலபமாகிவிட்ட இடத்தில் குரல் வளராமல் போகலாம் என்பதும் அவர் வாதம். எங்கள் குழுவுக்கு நேர்ந்ததும் அதுவே. எந்த நேரமும் கிளம்பிவிடலாம் என்றிருந்ததால், தங்கியிருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த வெளியேற்றமும் முழுமையானதல்ல. மாஸ்டடானில் கணக்கை மாற்றினால் நம்மைப் பின்தொடர்கிறவர்கள் கூடவே வந்துவிடுகிறார்கள். நாம் எழுதியவை வருவதில்லை. பின்தொடர்பவர்களை நகர்த்துகிற செய்தியைப் பழைய சர்வர்தான் அனுப்ப வேண்டும். எனவே அது முன்னறிவிப்பில்லாமல் செத்துப்போனால் அவர்களும் போய்விடுவார்கள். ஆக, ஒரு தனிமனிதர் தன் உறவுகளைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஒரு குழு தன் நினைவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. என் எழுத்துகளை ஒரு கோப்பாக இறக்கி வைத்திருக்கிறேன். அதில் என் பதில்கள் இருக்கின்றன. எனக்கு மற்றவர்கள் சொன்னவை இல்லை. தொலைபேசியில் பேசுகிற ஒருவனைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல இருக்கிறது இப்போது படித்தால்.

4

சிறுகுழு உயிரோடிருப்பதற்கு முதல் நிபந்தனை, அது சிறிதாயிருக்கச் சம்மதிப்பது. 'ஃப்ரெண்ட் கேம்ப்' என்ற சர்வரை நடத்துகிற டேரியஸ் காசெமி 2019இல் வெளியிட்ட கையேட்டில் ஐம்பதிலிருந்து நூறு பேர் வரை போதும் என்றார். ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருக்கும்போது விதிகளை அவரவர்க்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். உலகத்துக்கே பொருந்துகிற விதி தேவையில்லை. மாஸ்டடானைக் கொஞ்சம் மாற்றி அவர் உருவாக்கிய 'ஹோம்டவுன்', ஒரு பதிவை நம் சர்வரில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொள்ள வழிசெய்கிறது. திண்ணையில் பேசுவது ஒன்று, தெருவில் பேசுவது ஒன்று. எல்லாவற்றையும் தெருவில் பேச வைத்ததுதான் பெருநிறுவனங்களின் சாதனை.

எல்லையைப் பற்றிப் பேசினால் 'விலக்குதல்' என்ற குற்றச்சாட்டு வரும்; அது நியாயமானதும்கூட. ஆனால் 2019 ஜூலையில் தீவிர வலதுசாரிகளின் 'காப்' தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறி இந்த வெளிக்குள் நுழைய முயன்றபோது, நூற்றுக்கணக்கான சர்வர்கள் தனித்தனியே முடிவெடுத்து அதனுடனான தொடர்பைத் துண்டித்தன. மென்பொருளை அவர்கள் பயன்படுத்துவதை யாராலும் தடுக்க முடியவில்லை, தடுக்கவும் கூடாது. அவர்களுடன் பேசமாட்டோம் என்று சொல்ல முடிந்தது. மையமற்ற அமைப்பின் ஆகப் பெரிய பலம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

மறுபக்கம், மிகச் சிறிய சர்வருக்குத் தனிமை என்றொரு நோய் உண்டு. தன் உறுப்பினர்கள் பின்தொடர்கிறவர்களை மட்டுமே அது அறியும். புதிதாக வருகிறவர் எதைத் தேடினாலும் வெறுமையே எதிர்ப்படும். வெளியூரில் நடக்கும் விவாதத்தின் சில பதில்கள் வந்து சேராமல் போகலாம். எனவே சிறுகுழு தன்னைப் போன்ற வேறு சிறுகுழுக்களை வலிந்து தேடிப் போக வேண்டியிருக்கிறது.

5

இரண்டாவது நிபந்தனை, உழைப்பையும் முடிவெடுப்பதையும் பகிர்ந்துகொள்வது. அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தின் சிறுகுழுக்களைப் பற்றி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அமைப்பற்ற குழு என்று எதுவும் கிடையாது. அமைப்பு வேண்டாம் என்று சொல்கிற குழுவில், கண்ணுக்குத் தெரியாத அமைப்பு ஒன்று உருவாகி, நட்பின் வழியாக அதிகாரம் செலுத்தும் என்றார் அவர். எங்கள் குழுவில் தலைவர் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். சர்வரின் கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருந்தது.

வேறு மாதிரியும் சாத்தியம். 2017 முதல் இயங்குகிற சோஷியல்.கோஆப் சர்வர் ஒரு கூட்டுறவு. உறுப்பினர்கள் பணம் செலுத்துகிறார்கள். வரவுசெலவு எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. யாருடன் தொடர்பைத் துண்டிப்பது என்பது உட்பட விஷயங்களை விவாதித்து வாக்கெடுக்கிறார்கள். இது மெதுவானது, சலிப்பூட்டக்கூடியது. பொதுவளங்களைப் பற்றி எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சுவிஸ் மலைக் கிராமங்களின் மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள் ஆகியவை நூற்றாண்டுகளாக அழியாமலிருந்ததற்கு அரசோ சந்தையோ காரணமில்லை. யார் உள்ளே யார் வெளியே என்ற தெளிவு, பயன்படுத்துகிறவர்களே வகுத்த விதி, அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட காவல், படிப்படியான தண்டனை ஆகியவை காரணம் என்று அவர் காட்டினார். மடைகாவல் முறை வைத்துக் காத்த வாய்க்காலுக்கும் இந்த சர்வருக்கும் அடிப்படையில் பெரிய தூரம் இல்லை.

6

மூன்றாவது, சாவுக்குத் தயாராயிருப்பது. மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சர்வர்கள் சில உறுதிமொழிகளைத் தர வேண்டும்: தினமும் காப்புநகல், அவசரத்தில் உள்ளே போகக் குறைந்தது இன்னொருவருக்கு அனுமதி, மூடுவதானால் மூன்று மாத முன்னறிவிப்பு. எளிய விதிகள்தாம். ஆனால் முகவரிகூட நம்முடையதல்ல. க்வியர்.ஏஎஃப் என்ற சர்வர் ஆப்கானிஸ்தானின் பெயர்க்குறியில் இயங்கிவந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசின் கீழ் அந்தப் பெயர் முடக்கப்பட்டது. எழுத்து விளையாட்டாகத் தேர்ந்தெடுத்த இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் அரசு இருந்தது.

எங்கள் அறுபது பேரில் இருபத்திரண்டு பேர் இப்போது வேறொரு சிறிய சர்வரில் இருக்கிறோம். சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கொருமுறை கைமாறும். மாதச் சந்தா உண்டு, கொடுக்க முடியாதவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. சனிக்கிழமைகளில் புகார்களைப் பார்ப்பது என் முறை. போன மாதம் நெருங்கிய நண்பர் ஒருவரின் பதிவை நான் நீக்க வேண்டி வந்தது. "நீயும் அதிகாரமாயிட்டே" என்று எழுதினார். இல்லை என்று நான் பதில் எழுதவில்லை. அடுத்த ஆறு மாதம் அவர் முறை வரும் என்பதை மட்டும் நினைவூட்டினேன். இன்னும் பதில் வரவில்லை. ஆனால் குழுவை விட்டு அவர் போகவுமில்லை.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இதில் பெரும்பகுதி புதிதாக இராது. ஒரு மனிதரின் சம்பளத்திலும் அவர் வீட்டுப் பெண்களின் பொறுமையிலும் நடந்து, ஒருநாள் நின்றுபோன இதழ்கள் நம் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைத் தியாகம் என்று கொண்டாடினோம்; சந்தாவைப் புதுப்பிக்க மறந்தோம். நின்ற இதழுக்குக் குறைந்தபட்சம் பழைய பிரதிகள் மிஞ்சும். சர்வர் நின்றால் அதுவும் மிஞ்சாது. எனவே எந்தக் குழுவில் இருக்கிறவரும் இன்றைக்கே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் இரண்டு: வாடகை யார் கொடுக்கிறார்கள்? சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?