தோட்டத்து வண்டியில் ஏறினால் தலைவலியா? எக்ஸோஸ் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது பிள்ளைகள் வாந்தி எடுத்தால், எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வது நம் வழக்கம். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்போம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால், தோட்டத்து வண்டியின் பின்னால் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனாலே தலை வலிக்கிறது, கூட வந்தவர்களுக்கும் அதே தொல்லை, இறங்கி வெளிக்காற்றில் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறது என்றால் வளைவைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து எக்ஸோஸ் குழாயைப் பார்க்க வேண்டும்.

கேமரன் மலையில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. இங்குள்ள பழைய வண்டிகள் பலவற்றில், தொழிற்சாலை பொருத்திக் கொடுத்த எக்ஸோஸ் இப்போது இல்லை.

1948இல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், மலைத்தோட்டங்களுக்கென்றே செய்ததுபோல் இங்கே நிலைத்துவிட்டது. தேயிலைத் தோட்டங்களிலும், ரிங்லெட் முதல் கம்போங் ராஜா வரையுள்ள காய்கறித் தோட்டங்களிலும் அரை நூற்றாண்டைக் கடந்த சீரிஸ் வண்டிகள் இன்னும் மூட்டை சுமக்கின்றன. அலுமினிய உடல் துருப்பிடிக்காது. சேசிஸை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். இயந்திரம்தான் முதலில் ஓய்ந்துபோகும். பழைய பெட்ரோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, இசுசு போன்ற ஜப்பானிய டீசல் இயந்திரத்தை ஏற்றுவது மலையில் சாதாரணம். அப்படி ஏற்றும்போது புகை வெளியேறும் வாய் வேறு பக்கத்திலோ வேறு உயரத்திலோ வந்துவிடும். பழைய குழாய் பொருந்தாது. பட்டறையில் புதிதாக வளைத்து வெல்டிங் வைப்பார்கள். அந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது, எங்கே முடிகிறது என்பதில்தான் பின்னால் உட்காருபவரின் உடல்நலம் இருக்கிறது.

முடிவிலிருந்தே தொடங்கலாம். குழாயின் வாய், வண்டியின் பின் விளிம்பைத் தாண்டி மூன்று நான்கு அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடித்தட்டுக்குக் கீழேயே குழாயை முடித்துவிட்டால் குழாய்ச் செலவு மிச்சமாகும், கல்லில் இடிபடாது என்று சிலர் சொல்வார்கள். மிச்சமாவது இரண்டடிக் குழாய். அங்கே வெளியாகும் புகை தட்டின் அடியில் பரவி, பலகை இடுக்கு, சக்கர வளைவு, கதவுச் சந்து என்று எல்லா வழியிலும் உள்ளே ஏறும்.

வாய் வெளியே நீண்டிருந்தாலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சாலைப் புழுதி வண்டியைத் துரத்திக்கொண்டு வந்து பின்கதவில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். புழுதி வரும் அதே வழியில் புகையும் வரும். முன்பக்கத் தார்ப்பாயை இறுக்கி மூடி, பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தால் வண்டி புகையை உறிஞ்சும் பெட்டியாகிவிடும். காலைக் குளிரில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். முன்பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டால், எதிர்க்காற்று உள்ளே புகுந்து புகையைப் பின்னால் தள்ளும். குளிரும்தான், வேறு வழியில்லை.

பக்கவாட்டில், பின்சக்கரத்துக்கு முன்பாகவே குழாயை வெளியே விடுவது பார்க்க மிடுக்காக இருக்கும். ஒற்றைத் தடத் தோட்டப் பாதையில் ஓரம் ஒதுங்கி நிற்பவர்களின் முழங்காலில்தான் அந்தச் சூடான புகை அடிக்கும். டிராக்டரில் உள்ளதுபோல் மேல்நோக்கி நிறுத்தும் குழாய், நீரோடையில் இறங்கும் வண்டிக்கு நல்லது. ஆனால் திறந்த பின்தட்டில் ஆட்கள் இருந்தால், வண்டி நிற்கும்போது புகை அவர்கள் தலைமேல் இறங்கும். குழாய் வாயில் மூடி இல்லாவிட்டால் கேமரன் மழை நேராகச் சைலன்சருக்குள் போகும்.

பெட்ரோல் வண்டியின் புகையில் மிகவும் ஆபத்தானது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் எல்லாம் அதன் அடையாளங்கள். மலைப்பாதையில் பேருந்து ஏறியவருக்கும் இவைதான் வரும் என்பதால்தான் இது கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. வெளிக்காற்றைச் சுவாசித்தாலும், இரத்தத்தில் ஏறியதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகலாம். ஒருமுறை ஏறி இறங்குபவரைவிட, நாள் முழுதும் தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடையாக ஓட்டும் ஓட்டுநருக்கே ஆபத்து அதிகம். கோவிட் காலத்தில் வாங்கி வீட்டில் வைத்திருக்கும் விரல் கருவியால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கார்பன் மோனாக்சைடு பிடித்த இரத்தத்தையும் அது நல்ல இரத்தம் என்றே காட்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் வண்டிப்புகையைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாம் சொன்னால்தான் அதற்கான இரத்தப் பரிசோதனையை எடுப்பார்கள்.

டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு குறைவு. அதை நம்பி நிம்மதியடைய வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

இனி குழாய் போகும் வழி. லேண்ட் ரோவரின் தரைத் தகடுகள் கழற்றி மாட்டக்கூடியவை. கியர் கம்பியைச் சுற்றியும், பெடல் ஓட்டைகளைச் சுற்றியும் சந்து இருக்கும். ஆகவே மேனிபோல்டிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வரும் முதல் நாலடிக்குள் எந்தக் கசிவும் இருக்கக்கூடாது. அந்தப் பகுதியில் இணைப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்கும் இடமல்ல அது.

குழாய் சேசிஸ் கட்டைகளுக்கு உள்பக்கமாக, அவற்றின் அடிவிளிம்பைவிடக் கீழே தொங்காமல் போக வேண்டும். தேயிலைத் தோட்டப் பாதையின் நடுமுதுகு உயரமாக இருக்கும். கல் முதலில் தொடுவது கீழே தொங்கும் பொருளைத்தான். பிளேஞ்ச் இணைப்பின் போல்ட்டுகளையும் கீழ்நோக்கி வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி வைப்பது நல்ல பட்டறைக்காரரின் அடையாளம். முழுக் குழாயையும் ஒரே துண்டாக வெல்டிங் செய்து முடித்தால், நாளைக்குக் கியர்பெட்டியை இறக்கும்போது குழாயை அறுக்க வேண்டிவரும்.

சூடு படக்கூடாத பொருள்கள் சில உண்டு. பழைய சீரிஸ் வண்டிகளில் எண்ணெய்த் தொட்டி முன் இருக்கைக்குக் கீழே இருக்கும். பிற்கால 110 வண்டிகள் பலவற்றில் பின்னால் இருக்கும். இரண்டிலிருந்தும் குழாய் விலகியே போக வேண்டும், நெருக்கம் தவிர்க்க முடியாத இடத்தில் தடுப்புத் தகடு வேண்டும். பிரேக் எண்ணெய்க் குழாயும் ரப்பர் ஹோஸும் அதைவிட முக்கியம். சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அந்த எண்ணெய் ஏற்கெனவே சூடேறியிருக்கும். பக்கத்திலேயே எக்ஸோஸ் குழாயும் இருந்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகி, பெடல் மெத்தென்று உள்ளே போகும். ஹாபு இறக்கத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பின் அச்சுக்கு மேலே குழாயை வளைக்கும்போதுதான் பட்டறைகள் அதிகம் தவறுகின்றன. வண்டி காலியாக, சமதரையில் நிற்கும்போது அளவெடுக்கிறார்கள். அச்சுக்கும் குழாய்க்கும் நடுவே கை நுழையும், போதும் என்று விட்டுவிடுகிறார்கள். மூட்டை ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கும். ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் அச்சு இன்னும் மேலே வந்து குழாயை இடிக்கும். ஒவ்வொரு குழியிலும் இடிபட்டு, கடைசியில் வெல்டிங் விரிவது பின்தட்டுக்கு நேர் கீழேதான். பாரத்தை ஏற்றி, ஒரு பின்சக்கரத்தைக் கட்டைமேல் நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள். பிறகு மறுசக்கரத்துக்கும் அதே சோதனை.

குழாய் சூட்டில் நீளும். இரண்டு மீட்டர் இரும்புக் குழாய் 300 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும், 304 வகை எவர்சில்வர் குழாய் 10 மில்லிமீட்டர் வரை நீளும். இயந்திரமும் தன் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும். அதனால் குழாயைச் சேசிஸோடு இறுக்கிக் கட்டாமல் ரப்பரில் தொங்கவிட வேண்டும். இயந்திரத்தை அடுத்து, மடிப்பு மடிப்பாக வளையும் துண்டு ஒன்றைச் சேர்ப்பது நல்லது. எவர்சில்வர் போட்டும் ஆறு மாதத்தில் வெடித்துவிட்டது என்று புலம்புபவர்களில் பலர் இந்த இரண்டையும் செய்யாதவர்கள்.

எவர்சில்வர் தேவையா என்ற கேள்விக்கு மலையில் பதில், முடிந்தால் ஆம். ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் குழாயில் வரும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி அது வெளியேறிவிடும். தேயிலைக் கொழுந்தை ஏற்றி ஆலைக்கு ஒரு மைல் போய் நிறுத்தும் வண்டியில், அதுவும் இந்தக் குளிரில், ஆவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகித் தேங்கும். இரும்புச் சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். விலை கட்டாதவர்கள் அலுமினியப் பூச்சுள்ள இரும்பைக் கேட்கலாம். எதுவானாலும், சைலன்சரின் தாழ்ந்த மூலையில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கட்டும்.

குழாயின் பருமனைப் பற்றி நடக்கும் வாதங்களுக்கு அளவே இல்லை. டர்போ இல்லாத இரண்டேகால் லிட்டர் இயந்திரத்துக்கு 2 அங்குலம் போதும். இரண்டரை, 2.8 லிட்டர் டர்போ டீசலுக்கு இரண்டரை அங்குலம் தாராளம். அதற்கு மேல் போனால் கூடுவது சத்தம்தான், இழுவை அல்ல. பருமனைவிட வளைவுகளின் தரம் முக்கியம். மெஷினில் நசுக்கி வளைத்த இடத்தில் குழாய் தட்டையாகி ஒடுங்கிவிடும். இரண்டரை அங்குலக் குழாய்க்குப் பணம் கொடுத்துவிட்டு, ஒடுங்கிய வளைவு வழியாக ஓட்டுவதில் அர்த்தமில்லை.

பெரிய எக்ஸோஸ் போட்டால் கரும்புகை நிற்கும் என்று நம்பிச் செலவு செய்பவர்களும் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. ஈப்போவில் சரிப்படுத்திய டர்போ இல்லாத டீசல் இயந்திரம், மேலே வந்தாலும் அதே அளவு டீசலைத்தான் தெளிக்கும். எரிக்கக் காற்று போதாமல் மிச்சம் கரியாக வரும். இதற்கு மருந்து எண்ணெய்ப் பம்பின் அளவைத் திருத்துவது, நுனித் தெளிப்பான்களைச் சோதிப்பது, காற்று வடிகட்டியை மாற்றுவது. கொழுந்து சுமக்கும் வண்டிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. தேயிலை எந்த மணத்தையும் எளிதில் பிடித்துக்கொள்ளும் பொருள்.

பெரிய லோரி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல லோரிகளில் எக்ஸோஸ் பிரேக் என்ற மடிப்புக் கதவு குழாய்க்குள்ளேயே இருக்கும். இறக்கத்தில் அது புகையை அடைத்து இயந்திரத்தையே பிரேக்காக மாற்றும். குழாயை மாற்றும்போது அதைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு நேர்க்குழாய் ஓட்டினால், தாப்பா இறக்கம் முழுவதும் சக்கர பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டும். ஏற்றத்தில் கிடைக்கும் கொஞ்சம் இழுவைக்கு அது பெரிய விலை.

சட்டம் என்ன சொல்கிறது? இயந்திரம் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் ஒப்புதலும் வாகனச் சோதனையும் வேண்டும். டீசல் வாகனப் புகைக்கு 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று எல்லை வைத்திருக்கின்றன. வாகனச் சத்தத்துக்கு 1987ஆம் ஆண்டிலிருந்தே தனி விதி உண்டு. புதிய பிக்கப் வண்டிகளில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையோ புகை வடிகட்டியையோ அறுத்து எறியச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிதானே என்பார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு லயத்தின் முன்னால் இயந்திரத்தைச் சூடேற்றும் வண்டியும் அதுதான்.

பட்டறையில் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி தேவையில்லை. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இயக்கி, ஒருவர் தடித்த ஈரத்துணியால் குழாய் வாயைச் சில நொடிகள் அழுத்தட்டும். இன்னொருவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்கட்டும். எங்காவது 'புஸ்' என்று சத்தம் வந்தால் அங்கே கசிவு. பிறகு தார்ப்பாயை வழக்கம்போல் கட்டி, பட்டறைக்காரரையே பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று போய் வாருங்கள். இரண்டு வாரம் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அன்றைக்கே இணைப்புகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு உள்ள இடத்தில் கருப்பாகக் கரி படிந்திருக்கும்.