ஒடுக்கு விழுந்த பழைய கார்: தகட்டை வெட்டாதீர்கள்!

பழவேற்காடு மீனவர்கள் கிழிந்த வலையைத் தூக்கி எறிவதில்லை. அறுந்த கண்களை மட்டும் பின்னிச் சேர்க்கிறார்கள். பழைய காருக்கும் அதுவே வழி!

'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் சென்னையில் 1961-ல் வெளிவந்தது. அதைச் செய்த கம்பெனி இன்று இல்லை. அசல் தகடு எளிதில் கிடைக்காது.

அதன் மட்கார்டு எதிலாவது மோதி ஒடுங்கினால் என்ன செய்வது?

உள்ளே இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்து, வெளியே சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். பிறகு பழைய வடிவம் வராது.

பெயிண்ட் உரிந்த இடத்தை வெறுமனே விடக்கூடாது. ஏரிக்கரையில் வீசுவது உப்புக் காற்று! விரைவில் துரு ஏறும். அன்றே தேய்த்துப் பிரைமர் பூச வேண்டும்.

ஒடுங்கிய தகட்டை நிமிர்த்தலாம். வெட்டி எறிந்த தகடு திரும்பி வராது!