ஸ்கூல் விட்டு வந்ததும் சிப்ஸ் கேட்கும் குழந்தைகள்: பழத்துக்கு மாற்றுவது எப்படி?

சாயங்காலம் நாலரை மணி. பையைக் கழற்றிப் போட்ட கையோடு பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எதுவோ அதுதான் வயிற்றுக்குள் போகும். பல வீடுகளில் அது பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். ஞாயிற்றுக்கிழமை ஆசையாக வாங்கிய பழமோ ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வாடிக் கிடக்கும். பழம் பிடிக்காததுதான் பிரச்னையா? அல்லது அது வெட்டி, கண்ணில் படும்படி இல்லாததா?

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, காய்கறியும் பழமும் சேர்த்து 2 முதல் 5 வயதுக்கு தினமும் குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 350 கிராம், 10 வயதுக்கு மேல் 400 கிராம் வேண்டும். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு தினமும் சுமார் 100 கிராம் பழம் என்கிறது. அதாவது நடுத்தர அளவில் ஒரு கொய்யா அல்லது ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான்.

ஜூஸ் குடிச்சா போதாதா?

போதாது. ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்று பழமாவது தேவை. வடிகட்டும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும், சர்க்கரை மட்டும் டம்ளரில் நிற்கும். மென்று சாப்பிட்டால் ஒரு பழத்திலேயே பசி அடங்கும். ஜூஸில் அது நடக்காது.

கடையில் விற்கும் பழ பானங்களில் இன்னும் கவனம் தேவை. 100 மில்லியில் 12 கிராம் சர்க்கரை என்று லேபிளில் இருந்தால், 200 மில்லி பாட்டிலில் 24 கிராம், அதாவது சுமார் ஆறு டீஸ்பூன். '100 சதவீதம் பழச்சாறு' என்ற வாசகத்தை லேபிளில் இருந்து நீக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது.

பள்ளி வாசலில் விற்கலாமா?

கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்கிறது அதே ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை. ஆனால் வீட்டு அலமாரிக்கு எந்த விதிமுறையும் கிடையாது. அது பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

என்னதான் பண்றது?

* வெட்டி வைங்க: பிள்ளைகள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னாடி கொய்யா, பப்பாளியை நறுக்கி மேஜையில் வைத்துவிடுங்கள். "பழம் வேணுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "வேணாம்"தான் பதில். கேட்காமல் வைத்தால் கை தானாகப் போகும்.

* சீசன் பழம் வாங்குங்க: விலை உயர்ந்த இறக்குமதி ஆப்பிளும் கிவியும் கட்டாயமில்லை. ஆரஞ்சைவிட நான்கு மடங்குக்கும் மேல் வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது. வாழை வருஷம் முழுக்கக் கிடைக்கும். கோடையில் மாம்பழம், நுங்கு.

* கணக்குப் போடுங்க: இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் நாட்களில் மட்டும் பத்து ரூபாய் பாக்கெட் என்றாலே வாரம் 100 ரூபாய். அந்தக் காசை சீசன் பழத்துக்கு ஒதுக்கலாம்.

* பழம் இல்லாத நாளில்: சுண்டல், அவித்த வேர்க்கடலை, சோளம், பனங்கிழங்கு, பொரியோடு பொட்டுக்கடலை. கடலைமிட்டாயில் வெல்லம் இருப்பதால் ஒன்றிரண்டு போதும்.

* விட்டுடாதீங்க: புதுப் பழத்தை முதல் நாளே துப்பினால் "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்ட வேண்டாம். பத்து முறைக்கு மேல் ருசி பார்த்த பிறகு பழகும் குழந்தைகளும் உண்டு. அப்பா டிவி முன்னால் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டே "பழம் சாப்பிடு" என்றால் மட்டும் நடக்காது.

யார் கவனமாக இருக்கணும்?

சின்னக் குழந்தைகளுக்கு முழுத் திராட்சையும் முழு வேர்க்கடலையும் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. திராட்சையை நீளவாக்கில் நறுக்கி, விதை நீக்கிக் கொடுங்கள். முழுக் கடலையைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் சர்க்கரை நோய் அல்லது சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், எந்தப் பழம், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சிப்ஸை ஒரேயடியாகத் தடை செய்தால் பிள்ளைகள் வெளியே தேடிப் போவார்கள். வாரத்தில் ஒரு நாள் அதற்கு இருக்கட்டும். மற்ற நாட்களில் நாலரை மணிக்கு மேஜை மேல் ஒரு தட்டு பழம் இருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் ரெடி.