தெளிப்பான் பேட்டரி: வோல்ட் மட்டும் பார்த்தால் போதுமா?

ஆம்பூர், மாதனூர் பகுதிகளில் தக்காளி, கத்தரி பயிரிடும் சிறு விவசாயிகள் கைத்தெளிப்பானை விட்டு, முதுகில் மாட்டும் பேட்டரி தெளிப்பான் வாங்குவதுண்டு. கைவலி மிச்சம் என்பது உண்மையே. ஆனால் கடையில் "எத்தனை வோல்ட்?" என்று மட்டும் விசாரித்து வாங்கினால், பாதி வயலில் பம்பு நின்று கலக்கிய மருந்து வீணாக நேரிடும்.

வோல்ட் என்பது மேல்நிலைத் தொட்டியின் உயரம் போன்றது. தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்வது ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால்தான் உள்ளே இருக்கும் மின்சக்தி தெரியும். 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் 96 வாட்-மணி உண்டு. பம்பு 3 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 2 மணி 40 நிமிடம் ஓட வேண்டும். நடைமுறையில் 2 மணி நேரத்துக்கு மேல் நம்பாதிருப்பது நல்லது.

ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை தேவை என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் தெளித்தால் 100 நிமிடம் ஆகும். ஆகவே புதிய பேட்டரி ஒரு ஏக்கருக்குச் சரியாக இருக்கும். பழையது தாங்காது.

அதற்காக 12 வோல்ட் மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தால் மோட்டார் கருகிவிடும். காலளவு பாராமல் ஷூ வாங்குவோர் ஆம்பூரில் இல்லை, பேட்டரிக்கும் அப்படித்தான். கூடுதல் நேரம் வேண்டுவோர் அதே 12 வோல்ட்டில் 12 ஆம்பியர்-மணி உள்ளதை, அது பெட்டிக்குள் அடங்குமா என்று பார்த்து வாங்கலாம். ஈய பேட்டரியானால் ஒரு கிலோவுக்கு மேல் சுமை கூடும். 16 லிட்டர் தண்ணீரோடு அதையும் தோள்தான் சுமக்க வேண்டும். அரை ஏக்கர்காரருக்கு 8 போதும்.

கவாத்துக் கருவிகளில் "18 வோல்ட்", "20 வோல்ட்" என்று இருவிதமாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். இரண்டிலும் 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் ஐந்துதான். முழுச் சார்ஜில் காட்டும் அளவைச் சொல்வது 20. வேலையின்போது கிடைப்பது 18.

ஈய பேட்டரியைத் தெளித்த அன்றே சார்ஜ் செய்ய வேண்டும். தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும். வேலையில்லாத காலத்திலும் மாதம் ஒருமுறை சார்ஜ் அவசியம். லித்தியம் பேட்டரிக்கு ஈய பேட்டரியின் சார்ஜரை மாட்டக்கூடாது.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்தால், நல்ல ஈய பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12-க்கு வந்துவிட்டால் அநேகமாகக் காலி. இரவு முழுதும் சார்ஜ் செய்தும் இரண்டாம் தொட்டியிலேயே வேகம் குறைந்தால், முதலில் வடிகட்டியையும் நாசிலையும் கழுவிப் பார்க்கவும். அப்படியும் சரியாகாவிட்டால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.