தோட்டத்து வீட்டுக்கு ஏற்ற இணைய இணைப்பு



2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகள் பலர் கைபேசியும் கையுமாக மேடுகளில் ஏறி நின்று பாடங் கேட்டனர். லயத்தினுள்ளே அலை எட்டவில்லை.

ஆகவே, அட்டனிலோ நுவரெலியாவிலோ இணைப்புப் பெற விழைவோர் வேகத்தை விசாரிக்குமுன், அஃது எவ்வழியாக வருகிறது என விசாரித்தல் வேண்டும். கண்ணாடியிழைக் கம்பி வாயில்வரை வருமாயின் வேறு யோசனை வேண்டுவதில்லை. பழைய செப்புக் கம்பியோ, தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் ஏற ஏறத் தளரும். ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் அதனை நம்புவதற்கில்லை.

தோட்டங்களிற் பலருக்கு எஞ்சுவது நான்காந் தலைமுறைக் கம்பியில்லா இணைப்பே. இதில் மலைதான் எசமான். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு குன்று நின்றால், மேற்பிரிவிற் கிடைப்பது கீழ்ப்பிரிவிற் கிடையாது. தகரக் கூரையும் அலையை மறிக்கும். அயலாரின் சிம் அட்டையை இரவல் வாங்கி, உங்கள் சன்னலருகே, எல்லாரும் பயன்படுத்தும் இரவு எட்டு மணிக்குச் சோதியுங்கள். பகற் சோதனை ஏமாற்றும். விற்பனையாளர் சொல்லும் நிறுவனத்தைவிட, அடுத்த காம்பராவில் நன்கு இயங்கும் நிறுவனமே மேல்.

2025 யூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க், சுமார் 550 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதிகளினூடாக இயங்குவது. குன்று மறைக்காத திறந்த வானம் அதற்குப் போதும். கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு அதன் விலைதான் மலை.

விளம்பரத்தில் வரும் மெகாபிட் எட்டுச் சேர்ந்தாலே ஒரு மெகாபைற். ஒரு பிள்ளையின் காணொளி வகுப்புக்கு விநாடிக்கு மூன்று, நான்கு மெகாபிட் அறாது கிடைத்தாற் போதும். நூறு மெகாபிட்டுக்குப் பணங் கட்டுமுன் அதனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.